கேட்டுவிட்ட பிறகு

‘கேள்’ என்ற ஒரே வினைச்சொல்லை வைத்துக்கொண்டு தமிழில் நாம் மூன்று வேலை பார்க்கிறோம். கேள்வி கேட்கிறோம். பாட்டுக் கேட்கிறோம், அதாவது காது கொடுக்கிறோம். கடன் கேட்கிறோம், நியாயம் கேட்கிறோம், அதாவது நமக்கு வர வேண்டியதை வாங்கப் பார்க்கிறோம். பழைய தமிழில் ‘கேள்’ என்றால் உறவு என்றும் பொருள் உண்டு. ‘கேளிர்’ அங்கிருந்து வந்த சொல்தான்.

ஒரு கிராமத்துப் பள்ளியில் பதினான்கு வயதுப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, “உனக்கு என்னம்மா பிரச்சினை?” என்று ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேள்வியைக் கேட்டவர் அடுத்து பதிலையும் கேட்க வேண்டும். பதில் வந்ததும் அந்தப் பெண் திருப்பி ஒன்றைக் கேட்பாள், வாயால் சொல்லாவிட்டாலும். “சரி, சொல்லிட்டேன். இப்ப நீங்க என்ன செய்யப் போறீங்க?” முதல் கேள்விக்கு யாரும் காசு கொடுக்க வேண்டியதில்லை. இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் ஆள் வேண்டும், நேரம் வேண்டும், சம்பளம் வேண்டும், பேருந்து வேண்டும்.

கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லாதவருக்கு முதல் கேள்வியைக் கேட்கும் உரிமை உண்டா? இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

இது எனக்குள் தானாக எழுந்த தத்துவச் சந்தேகம் இல்லை. என் பெரியப்பா மகள் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. நான் சிங்கப்பூரில் படித்து, இங்கேயே கட்டடப் பொறியியல் வேலையில் இருப்பவன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாட்ஸப்பில் பேசிக்கொள்வோம். போன வருடம் ஒருநாள், பள்ளியில் மாணவர் ஆலோசனைப் பொறுப்பைத் தன்னிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். “பி.எட்.ல ஒரு சைக்காலஜி பேப்பர் எழுதியிருக்கேன்ல, அது போதும்னு நெனச்சிட்டாங்க போல” என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து சிரிப்பு போய்விட்டது. “கேக்காம இருந்தா பாவம்டா தம்பி. கேட்டுட்டு ஒண்ணும் செய்ய முடியலைன்னா அது அதைவிடப் பெரிய பாவம். நான் எந்தப் பாவத்தைப் பண்றது, நீயே சொல்லு.”

அன்றைக்கு நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். ஆனால் கேள்வி அப்படியே நின்றுவிட்டது.

முதலில் நிலவரம். இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூடக் கிடையாது. மருத்துவ உளவியலாளர்கள் இன்னும் அரிது. இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற முதுகலைக்குப் பிறகும் எம்.ஃபில். போன்ற பயிற்சி வேண்டும், அதற்கான இடங்கள் குறைவு, படித்து முடிப்பவர்களில் பெரும்பாலோர் நகரங்களில் தங்கிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நானும் வேலை இருக்கும் ஊரில்தானே இருக்கிறேன்.

தமிழ்நாட்டு அரசு ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2012 பிப்ரவரியில் சென்னையில் ஓர் ஆசிரியை வகுப்பறையிலேயே மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அதன்பின் பள்ளிகளுக்கு 10 நடமாடும் உளவியல் ஆலோசனை மையங்கள் அறிவிக்கப்பட்டன. அப்போது மாவட்டங்கள் 32. ஒரு வண்டிக்கு மூன்று மாவட்டம் என்று வருகிறது. 2018இல் மாணவர்களுக்கென 14417 என்ற உதவி எண் வந்தது. 2022இல் அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்ற புகார்ப் பெட்டி வைக்கப்பட்டது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், 100 மாணவர்களுக்கு மேல் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஓர் ஆலோசகரையாவது நியமிக்க வேண்டும் என்றது. 100க்குக் குறைந்த இடங்கள் வெளியில் உள்ள நிபுணர்களோடு தொடர்பு வைத்துக்கொண்டால் போதும்.

இந்தக் கடைசி வரியை எழுதும்போதே எனக்கு உறுத்துகிறது. 100க்குக் குறைவாகப் பிள்ளைகள் இருக்கும் பள்ளிகள் எங்கே இருக்கின்றன? பெரும்பாலும் கிராமத்தில்தான். வெளியில் உள்ள நிபுணர் எங்கே இருக்கிறார்? நகரத்தில். விதி நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்டதுதான். ஆனால் எங்கே தேவை அதிகமோ அங்கே அதன் பிடி தளர்ந்துவிடுகிறது.

சரி, இனி அக்காவின் முதல் பாவம். கேட்காமலே இருந்துவிடலாமா?

இதற்கு ஆதரவாக நல்ல தர்க்கம் ஒன்று இருக்கிறது, சோம்பேறித்தனமான தர்க்கம் இல்லை. 1968இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் நோய் கண்டறியும் பரிசோதனைகளுக்குப் பத்து நெறிகளை எழுதினார்கள். அவற்றில் ஒன்று, கண்டுபிடித்த பிறகு சிகிச்சை தருவதற்கு வசதி இருக்க வேண்டும் என்பது. மருந்து இல்லாத ஊரில் வீடு வீடாகப் போய் “உனக்கு இந்த நோய் இருக்கிறது” என்று சொல்லிவிட்டு வருவது மருத்துவம் ஆகாது.

என் தொழிலிலும் இதே சிந்தனை உண்டு. ஒரு கட்டடத்தில் புகை கண்டறியும் கருவியைப் பொருத்துவது சுலபம். அந்தக் கருவியின் கம்பி எங்கே போய் முடிகிறது என்பதுதான் பெரிய விஷயம். மணி அடித்தால் யார் காதில் விழும்? அந்த ஆள் எத்தனை நிமிடத்தில் வருவார்? இதற்குப் பதில் இல்லாவிட்டால், கூரையில் சிவப்பு விளக்கு மின்னுவதைப் பார்த்து உள்ளே இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். கருவியே இல்லாத வீட்டில் குறைந்தபட்சம் பயமாவது இருக்கும்.

எனவே ‘கேட்காதே’ என்பது ஒரு நேர்மையான நிலைப்பாடு. ஆனாலும் என்னால் அதை ஏற்க முடியவில்லை. புகை கருவி இல்லாத வீட்டில் தீ தானாக உண்டாகிவிடுவதில்லை. பள்ளியிலோ, நாம் கேட்காவிட்டாலும் பிள்ளையிடம் எல்லாரும் ஏற்கனவே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். எத்தனை மார்க்? ஏன் லேட்டு? ஏன் ரெண்டு நாளா வரல? யாரோட பேசிட்டிருந்த? என்ன சாதி? ஒரு நாளைக்குப் பத்து கேள்விக்குப் பதில் சொல்லும் பிள்ளையிடம் ஒரு கேள்வியை மட்டும் கேட்காமல் விடுவது நடுநிலை ஆகாது. அந்த ஒன்று மட்டும் கேட்கத் தகுந்தது இல்லை என்று நாம் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

அப்படியானால் கேட்கலாம். யார் கேட்பது?

2005 வாக்கில் ஜிம்பாப்வேயில், ஏறத்தாழ 1.3 கோடி மக்களுக்கு, பத்துப் பன்னிரண்டு மனநல மருத்துவர்கள்தான். அவர்களில் ஒருவர் டிக்சன் சிபாண்டா. அவரிடம் சிகிச்சையில் இருந்த ஓர் இளம்பெண் தற்கொலை செய்துகொண்டார். மருத்துவமனைக்கு ஏன் அழைத்து வரவில்லை என்று தாயிடம் கேட்டபோது, பேருந்துக்குப் பதினைந்து டாலர் இல்லை என்றாராம். சிபாண்டா இதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 2006இல் ஹராரேயின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையங்களுக்கு வெளியே மரபெஞ்சு போட்டு உட்கார வைத்தார். ‘நட்பு பெஞ்சு’ என்று இன்று உலகம் முழுக்கத் தெரிந்த திட்டம் அப்படித்தான் தொடங்கியது. 2016இல் 573 பேரை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. பாட்டிகளிடம் பேசியவர்களுக்கு ஆறு மாதம் கழித்து மனச்சோர்வின் அறிகுறிகள் கணிசமாகக் குறைந்திருந்தன.

அங்கே ‘டிப்ரஷன்’ என்ற சொல்லைப் பாட்டிகள் பயன்படுத்துவதில்லை. ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’ என்பார்கள். அளவுக்கு மீறி யோசிப்பது. நம்மூரிலும் அதே சொல்தானே? “புள்ள ரொம்ப யோசிக்குது” என்று கிராமத்தில் சொல்வது ஒரு முழு நோய்க்குறிப்பு.

இந்தக் கதையைச் சொன்னதும் எல்லாருக்கும் கண் கலங்கும். “நம்ம பாட்டிகளும் இப்படித்தானே இருந்தாங்க” என்பார்கள். எனக்கு அங்கே கொஞ்சம் எச்சரிக்கை வருகிறது. நம் பாட்டிகள் எல்லாரும் நல்ல காது உள்ளவர்கள் இல்லை. “வயசுக்கு வந்த புள்ளைக்கு என்ன சிரிப்பு” என்று கேட்டதும் பாட்டிதான். ஹராரே பாட்டிகள் பயிற்சி பெற்றவர்கள். கேள்விப் பட்டியல் வைத்திருந்தவர்கள். ஒருவர் உயிருக்கு ஆபத்தான நிலையில் இருக்கிறார் என்று தெரிந்தால் யாரிடம் அனுப்புவது என்று அவர்களுக்குத் தெரியும். பெஞ்சுக்குப் பின்னால் ஒரு கம்பி ஓடியது. அந்தக் கம்பியை விட்டுவிட்டுப் பெஞ்சை மட்டும் கொண்டாடக் கூடாது.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் பீகாரில் இருக்கிறது. கோவாவின் ‘சங்காத்’ அமைப்பு நாலந்தா மாவட்டத்தின் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ‘சேஹர்’ என்ற திட்டத்தை நடத்தியது. 74 பள்ளிகள். ஒரு தொகுதிப் பள்ளிகளில், உளவியல் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஓர் உள்ளூர் ஆளைப் போட்டார்கள். இன்னொரு தொகுதியில் அதே வேலையை அங்கிருக்கும் ஆசிரியர் ஒருவரிடம் பயிற்சி கொடுத்து ஒப்படைத்தார்கள். மூன்றாவது தொகுதியில் வழக்கமான வாழ்க்கைத் திறன் பாடம் மட்டும். 2018இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளிவந்தது. உள்ளூர் ஆள் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் பெரிய அளவில் மேம்பட்டது. மனச்சோர்வும், வம்பிழுப்பதும், வன்முறையும் குறைந்தன. ஆசிரியரிடம் கொடுத்த பள்ளிகளில்? வழக்கமான பாடம் மட்டும் நடந்த பள்ளிகளோடு ஒப்பிட்டால் வித்தியாசமே இல்லை.

இதைப் படித்த அன்றே அக்காவுக்கு அனுப்பினேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். “அப்பாடா” என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது.

ஏன் இப்படி? ஆசிரியர்களுக்கு அன்பு இல்லை என்பதால் இல்லை. வேலைப்பளு ஒரு காரணம். தேர்தல் பணி, கணக்கெடுப்பு, பதிவேடு, இணையத்தில் ஏற்ற வேண்டிய விவரங்கள் என்று ஏற்கனவே முதுகு வளைந்த ஒருவர்மேல் இன்னொரு மூட்டையை ஏற்றுகிறோம். ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆசிரியர் மதிப்பெண் போடுபவர். பெற்றோரைக் கூப்பிடுபவர். நாளைக் காலை அதே வகுப்பில், அதே பிள்ளையிடம், வீட்டுப்பாடம் ஏன் செய்யவில்லை என்று கேட்கப் போகிறவர். ராத்திரி அப்பா குடித்துவிட்டு வந்து அடித்ததை மத்தியானம் சொல்லிவிட்டு, மறுநாள் காலை அந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது? நம்மை எடை போடுகிறவரிடம் நம் பாரத்தைச் சொல்ல நாக்கு வராது. பெரியவர்களான நமக்கும் அப்படித்தான். அலுவலகத்தில் மேலாளரிடம் யார் மனம் திறக்கிறோம்?

இதிலிருந்து எனக்குக் கிடைத்த பாடம் இதுதான். பிள்ளையின் பேச்சைக் கேட்பதற்கு முதல் தகுதி பட்டம் இல்லை. அந்தப் பிள்ளையின்மேல் அதிகாரம் இல்லாமல் இருப்பது. பட்டம் இரண்டாவதாக வேண்டும், கேட்டபின் என்ன செய்வது என்று தெரிவதற்கு. நாம் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். பட்டம் பெற்றவர் இல்லை என்றவுடன், அதிகாரம் உள்ளவரிடம் வேலையைக் கொடுத்துவிடுகிறோம்.

சிங்கப்பூரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இங்கே ஒவ்வொரு பள்ளியிலும் குறைந்தது ஓர் ஆலோசகர் உண்டு. 2007இலிருந்து மனநலக் கழகத்தின் ‘ரீச்’ குழு பள்ளிகளுக்குப் பின்னால் நிற்கிறது. 2021 ஜூலையில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஒரு மாணவர் உயிரிழந்த துயரத்துக்குப் பிறகு, ஆசிரியர்-ஆலோசகர்களை 700 சொச்சத்திலிருந்து 1,000க்கு மேல் உயர்த்தப் போவதாகக் கல்வி அமைச்சு சொன்னது. அப்படியானால் ஆசிரியர்தானே இங்கும் ஆலோசகர்? ஆமாம். ஆனால் இங்கே அவர் ஒரு வரிசையின் முதல் ஆள். அவருக்குப் பின்னால் முழுநேர ஆலோசகர், அவருக்குப் பின்னால் உளவியலாளர், மருத்துவமனை. அக்காவுக்குப் பின்னால் சுவர்தான் இருக்கிறது. இரண்டு பேரையும் ஒரே பெயரால் அழைப்பது சரியில்லை.

அப்படி வரிசை வைத்திருக்கும் இந்த நகரத்துக்கும் அந்தக் கிராமத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைத்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்காவுக்குப் போய்ப் பாருங்கள். பஃபலோ ரோட்டிலும் ரேஸ்கோர்ஸ் ரோட்டுத் திடலிலும் உட்கார்ந்து ஊருக்கு வீடியோ அழைப்பில் பேசும் அண்ணன்களில் புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்க்காரர்கள் நிறைய. “நல்லா படிக்கிறியா? அம்மா சொல்றதக் கேளு.” இந்த இரண்டு வரியை நான் எத்தனை முறை காதில் வாங்கியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. அந்த அப்பாக்களைக் குறை சொல்லவில்லை. இரைச்சலில், சின்னத் திரையில், கடன் அடையாத மாதத்தில், அதற்கு மேல் என்ன கேட்டுவிட முடியும்? ஆனால் அக்காவின் வகுப்பில் “எங்கப்பா சிங்கப்பூர்ல” என்று சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த ஊரின் கட்டடங்களை எழுப்பியதில், அந்த ஊரின் வீடுகளிலிருந்து எடுத்துவந்த காதுகளும் உண்டு. நான் வரைபடத்தில் கையெழுத்துப் போடும் கட்டடங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்போது இன்னும் கடினமான ஆட்சேபம். நகரத்துப் பிள்ளைக்கு உளவியலாளர், கிராமத்துப் பிள்ளைக்குப் பயிற்சி பெற்ற பக்கத்து வீட்டு அக்கா. இது என்ன நியாயம்? ரேஷன் கடையில் இரண்டாம் தர அரிசி போடுவது போலத்தானே?

இந்தக் கோபம் நியாயமானது. இதை அடக்கக் கூடாது. ‘எளிய மனிதர்களின் ஞானம்’ என்று அழகாகப் பேசி, நிரந்தரமாகக் காசை மிச்சம் பிடிக்கும் வேலையை அரசுகள் செய்யும். பாட்டிகளுக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் ஊக்கத்தொகை என்ற பெயரில் சில்லறை கொடுத்துவிட்டுத் தியாகம் என்று பாராட்டும். எனவே ஒரு சோதனை வைத்துக்கொள்ளலாம். உள்ளூர் ஆள் நிபுணரை நோக்கிப் போகும் பாதையாக இருக்கிறாரா, அல்லது நிபுணர் தேவையில்லை என்று சொல்வதற்கான சாக்காக இருக்கிறாரா? 2010இல் ‘ஸ்கார்ஃப்’ அமைப்பு புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. உள்ளூர்ப் பணியாளர்கள் ஆட்களை அழைத்து வருவார்கள், பேருந்துக்குள் இருக்கும் திரையில் சென்னையிலிருந்து மனநல மருத்துவர் பேசுவார், மருந்தும் அங்கேயே கிடைக்கும். உள்ளூர் ஆளும் நிபுணரும் ஒருவருக்கு ஒருவர் மாற்று இல்லை என்பதற்கு அதே மாவட்டத்தில் ஒரு சாட்சி இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாத் துயரத்துக்கும் ஆளைத் தேட வேண்டியதில்லை, சிலவற்றுக்கு விதியை மாற்றினால் போதும். பொதுத்தேர்வில் தோற்றவர்கள் ஒரு வருடம் காத்திருக்காமல் உடனே மறுதேர்வு எழுதும் வழி தமிழ்நாட்டில் வந்தது. 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு மையம் அதற்காக வாதாடியது. 2017இல் மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு நிறுத்தியது. சிங்கப்பூர் 2012இல் தொடக்கநிலை இறுதித் தேர்வின் உச்ச மதிப்பெண்காரர்களின் பெயரை வெளியிடுவதை நிறுத்தியது. இவற்றுக்கு ஓர் உளவியலாளர்கூடக் கிராமத்துக்குப் போக வேண்டியிருக்கவில்லை. வடிகால் அடைத்திருக்கும்போது பம்பு வாங்குவதைப் பற்றி மட்டும் பேசக் கூடாது என்று எங்கள் தொழிலில் சொல்வோம்.

ஆனாலும் மீதித் துயரம் இருக்கும். விதியால் தீராதது, வீட்டுக்குள் நடப்பது. அதற்கு அக்காவின் கேள்வி அப்படியே நிற்கிறது. கேட்பவருக்கு மூன்று கடமைகள் உண்டு என்று இப்போது நினைக்கிறேன்.

முதலாவது, பொய் வாக்குக் கொடுக்காதிருப்பது. “யார்கிட்டயும் சொல்லமாட்டேன், சொல்லு” என்பது நாம் எல்லாரும் பழகிய தூண்டில். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பிள்ளைமேல் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் தெரிவித்தே ஆக வேண்டும். மறைப்பது குற்றம். எனவே முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: “நீ சொல்றதுல உனக்கு ஆபத்து ஏதாவது இருந்தா நான் இன்னொருத்தர்கிட்ட சொல்வேன். யார்கிட்டன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்.” இதனால் சில பிள்ளைகள் வாய் மூடிக்கொள்ளலாம். ஏமாற்றித் திறக்க வைப்பதைவிட அது மேல்.

இரண்டாவது, தன் எல்லையைச் சொல்வது. “இதை என்னால சரி பண்ண முடியாது. ஆனா அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் உன்கிட்ட கேப்பேன்.” வெள்ளிக்கிழமை கேட்டுவிட வேண்டும். தீர்வைக் கொடுக்க முடியாதவர் கொடுக்கக்கூடிய ஒன்று இது. சின்னது போலத் தெரிந்தாலும் மலிவானது இல்லை, ஒவ்வொரு வெள்ளியும் வர வேண்டுமே.

மூன்றாவது கடமை கேட்டவருக்கு இல்லை, கேட்கச் சொன்னவருக்கு. ஆசிரியையைப் பொறுப்பாளர் ஆக்கிய அரசுக்கும், நிர்வாகத்துக்கும், வாசித்து நெகிழும் நமக்கும். கேட்கச் சொன்ன அன்றே, கேட்டதை யாரிடம் கொண்டுபோவது என்று ஒரு பெயரும் எண்ணும் தேதியும் கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது பாவம் அக்காவுடையது இல்லை. வெறுங்கையோடு அவரை அனுப்பியவர்களுடையது.

இதை அக்காவிடம் சொன்னபோது, “பாவத்தைப் பங்கு போட்டுட்ட. சரி, புள்ளைக்கு என்ன வழி?” என்றார். அவர் பள்ளியிலும் ஒரு பெட்டி இருக்கிறது. அதன் சாவி யாரிடம் இருக்கிறது, எந்தக் கிழமை திறக்கிறார்கள், படித்தபின் என்ன செய்கிறார்கள் என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லச் சொன்னேன். ஊருக்கு முன்னால் ஒரு கிழமையைச் சொல்லிவிட்டால், அந்தக் கிழமை பெட்டி திறக்கவில்லை என்றால் கேட்பதற்கு ஆள் இருக்கும். செவ்வாய்க்கிழமை என்று முடிவாகியிருக்கிறதாம்.